திரையில் தெளிந்த முகம் தாளில் சிவப்பது ஏன்?

கேள்வி: சிறிய ஸ்டூடியோ நடத்துகிறேன். போட்டோஷாப்பில் சரிசெய்த திருமணப் படங்களை இங்க்ஜெட் பிரிண்டரில் எடுக்கும்போது, மணமக்களின் முகம் திரையில் இருப்பதைவிடச் சிவந்தும் கறுத்தும் விழுகிறது. இங்க் மாற்றியும் பலன் இல்லை. பிரிண்டரையே மாற்ற வேண்டுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம், புதிய பிரிண்டர் வாங்கினாலும் இதே சிவப்பு உங்களைத் தொடர்ந்து வரக்கூடும். முதலில் பிரிண்டரின் மென்பொருளில் உள்ள நாஸில் செக் (இங்க் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று காட்டும் சோதனை) கொடுத்து, தாளில் விழும் கட்டங்களை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வெளிர்நீலமான சயன் கோடுகள் நடுநடுவே அறுந்திருந்தால், அந்த நிறம் குறைவதாலேயே முகம் சிவக்கிறது என்று பொருள். அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் செய்தால் போதும்.

கோடுகள் எல்லாம் முழுமையாக இருந்தால், போட்டோஷாப் ஒரு முறையும் பிரிண்டர் ட்ரைவர் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) மறுமுறையும் ஒரே படத்தின் நிறத்தைத் திருத்துகின்றன என்றே நினைக்கிறேன். படம் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) சாயலோடு கனத்து விழுவது இந்த இரட்டைத் திருத்தத்துக்கு நன்கு தெரிந்த அடையாளம். பிரிண்ட் சாளரத்தில் ‘கலர் ஹேண்ட்லிங்’ என்ற இடத்தில் ‘போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று தேர்ந்தெடுத்து, அதன் கீழே உங்கள் பிரிண்டருக்கும் தாளுக்கும் உரிய ப்ரொஃபைலை (அவற்றில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) கொடுங்கள். பலர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். அதே சாளரத்தில் உள்ள ‘பிரிண்ட் செட்டிங்ஸ்’ பொத்தானை அழுத்தி, ட்ரைவருக்குள் சென்று, அதன் நிறத் திருத்தத்தையும் நிறுத்தியாக வேண்டும். எப்சன் ட்ரைவர்களில் இது ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற பெயரில் இருக்கும். தாளுக்குரிய ப்ரொஃபைல் உங்களிடம் இல்லையென்றால், ‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று கொடுத்து முழுப் பொறுப்பையும் ட்ரைவரிடம் விட்டுவிடுவதே நல்லது. எந்த வழியானாலும், நீங்கள் வைத்திருக்கும் தாளின் வகையை ட்ரைவரில் சரியாகக் குறிப்பிடுங்கள். தாளில் எவ்வளவு இங்க் விழ வேண்டும் என்பதை அதைக் கொண்டுதான் பிரிண்டர் முடிவு செய்கிறது.

பிரிண்டரில் இருப்பவை சிஎம்ஒய்கே (சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) இங்க்தானே என்று படத்தையும் சிஎம்ஒய்கே ஆக்கிவிட்டு அச்சிடும் பழக்கம் நம் ஸ்டூடியோக்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இங்க்ஜெட் ட்ரைவர்கள் பொதுவாக ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) படத்தையே எதிர்பார்க்கின்றன.

சிவப்பு நீங்கியும் படம் கறுத்தே விழுந்தால், குறை மானிட்டரில் இருக்கலாம். முழு வெளிச்சத்தில் வைத்த திரையைப் பார்த்துத் திருத்திய படம் தாளில் மங்கலாகத்தான் தெரியும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, முகத்தை மட்டும் வெட்டி ஒரு சிறு தாளில் சோதனையாகப் போட்டுப் பார்த்த பிறகு ஆல்பத்துக்குச் செல்லுங்கள். ஒரு குடும்பம் காலமெல்லாம் எடுத்துப் பார்க்கப்போகும் முகம் அது.

கேள்வி: பிரிண்ட் கொடுத்தவுடன் போட்டோஷாப் தானாகவே மூடிக்கொள்கிறது. வேர்டில் இருந்து அதே பிரிண்டரில் ஒழுங்காக அச்சாகிறது. என்ன செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: படத்தைச் சேமிக்கும்போது, முன்பு பயன்படுத்திய அச்சு அமைப்புகளும் அந்தக் கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அவை பழுதாகியிருந்தால் இப்படி நேரும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபைல் மெனுவில் பிரிண்ட் கொடுங்கள்; பழைய அமைப்புகள் விலகி, சாளரம் புதிதாகத் திறக்கும். அப்படியும் மூடிக்கொண்டால், புதிய வெற்றுக் கோப்பு ஒன்றில் ஒரு கோடு வரைந்து அச்சிட்டுப் பாருங்கள். அது அச்சானால் குறை உங்கள் படக் கோப்பில்தான் இருக்கிறது.

அதுவும் அச்சாகாவிட்டால், விண்டோஸில் உள்ள ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதைப் பிரிண்டராகத் தேர்ந்தெடுத்து மீண்டும் முயலுங்கள். பிடிஎஃப் சரியாக உருவானால் சந்தேகம் உங்கள் பிரிண்டரின் ட்ரைவர் மீது விழுகிறது. அதை முழுவதுமாக நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதை இறக்கி நிறுவுங்கள். பிடிஎஃப்பும் வராவிட்டால் மட்டும், போட்டோஷாப் திறக்கத் தொடங்கும் கணத்தில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்து, அதன் விருப்ப அமைப்புகளை அழிக்கலாம். ஒரே கிளிக்கில் பல திருத்தங்களைச் செய்ய நீங்கள் உருவாக்கிய ஆக்‌ஷன்களை அதற்கு முன்பே தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் போய்விடக் கூடாது.

கேள்வி: ‘படம் தாளின் அச்சிடத்தக்க பரப்பைவிடப் பெரியது, ஓரம் வெட்டுப்படும்’ என்ற எச்சரிக்கை வருகிறது.
- வாசகர், ஓசூர்

பதில்: பிரிண்ட் சாளரத்தில் ‘ஸ்கேல் டு ஃபிட் மீடியா’ என்பதை டிக் செய்தால் படம் தாளுக்குள் அடங்கிவிடும். ஓரமே இல்லாமல் வேண்டுமென்றால், ட்ரைவரில் பார்டர்லெஸ் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய படத்தை இதே வழியில் பெரிதாக்கும்போது மட்டும் கவனம் தேவை: 4க்கு 6 அங்குலத்தில் 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்கு) தரும் 1200க்கு 1800 பிக்சல் படம், ஏ4 தாளை நிரப்பும்போது ஏறக்குறைய 150 பிபிஐ ஆகிவிடும்.