புயல், வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிகளை மீட்பதில் மாநிலக் கல்வி வாரியத்துக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் பொதுப் பள்ளிகளையும் பேரிடருக்குப் பிந்தைய மீட்பையும் ஒரே கல்வி வாரியம் கவனிக்கிறதாமே, தமிழ்நாட்டில் அப்படி ஒன்று உண்டா, இருந்தால் கட்டடம் கட்டித் தருவதைத் தாண்டி அது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில், அரிமளத்துக்கும் அறந்தாங்கிக்கும் நடுவே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து 2021இல் ஓய்வு பெற்றேன். இப்போது காரைக்குடிப் பக்கம் குடியிருக்கிறேன். கஜா புயலின்போது அந்தப் பள்ளியின் சாவி என் கையில் இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். நம் ஊரில் அப்படி ஒரே வாரியம் கிடையாது. 'ஸ்டேட் போர்டு' என்று பெற்றோர் சொல்வது பாடத்திட்டத்தைத்தான். பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பார்ப்பது பள்ளிக் கல்வித் துறையின் இயக்ககங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பேரிடர் என்று வந்துவிட்டால், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்குத் தலைமை ஏற்பவர் கலெக்டர். இத்தனை பேரின் உத்தரவும் வந்து சேரும் இடம் தலைமை ஆசிரியரின் மேஜை. புயல் அடித்த மறுநாள் அந்த மேஜையே நனைந்து கிடக்கும்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கடலோரத்தோடு ஓய்ந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அது தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்து, தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே போனது. வெள்ளிக்கிழமை முழுக்க ரோட்டில் மரம். சனிக்கிழமைதான் பள்ளிக்குப் போக முடிந்தது.

எங்கள் பள்ளியின் இரண்டு கட்டடங்களில் ஒன்று, அந்தக் காலத்தில் ஊர் நகரத்தார் குடும்பம் ஒன்று கட்டிக் கொடுத்த ஓட்டுக் கட்டடம். தடிமனான சுண்ணாம்புச் சுவர், உயரமான தளம். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள், அதனால்தான் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கீழேயிருந்து வரும் தண்ணீருக்கு அந்த உயரம் போதும். இது மேலேயிருந்து வந்தது. முகட்டு ஓடு ஒரு வரிசை பறந்து, மழை நேராக அலுவலக அறையின் பீரோ மேல் ஊற்றியிருந்தது.

அந்த பீரோவுக்குள் சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில்தான். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அவர்கள் என்று பிறந்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி.

பள்ளி உதவியாளர் பதறிப்போய் முதல் இரண்டு புத்தகங்களை வெயிலில் விரித்துவிட்டார். அரை மணியில் தாள் அப்பளம் மாதிரி நெளிந்து, ஓரம் ஒட்டிக்கொண்டது. வெயில் ஆகாது, நிழலில் காற்றில்தான் ஆற வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. மின்விசிறி போடக் கரண்ட் இல்லை. எதிர் வீட்டு ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தவர், "வளவுல கொண்டாந்து விரிங்க டீச்சர். அங்கதான் காத்து சுத்தி வரும்" என்றார். வளவு என்றால் எங்கள் பக்கத்து வீடுகளின் உள்முற்றம். நாங்கள் எட்டுப் பேர் சுமந்துகொண்டு போனோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. மை இறங்கினால் கறை போகாது என்று எனக்குப் பயம். ஆச்சி தன் பழைய சேலைகளை எடுத்து முற்றத்தைச் சுற்றி விரித்துவிட்டார்.

பிறகு நான்கு நாள் அதே வேலை. இரண்டு பக்கத்துக்கு நடுவே ஒரு செய்தித்தாள். ஒரு மணிக்கு ஒரு தடவை ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்தது வைக்க வேண்டும். ஒட்டிய தாளை இழுக்கக் கூடாது, தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றைக் கவனித்தேன். ஐம்பதுகள், அறுபதுகளில் எழுதிய கருநீல மை அசையவே இல்லை. பிற்பாடு வந்த பளிச்சென்ற நீல மைதான் கரைந்து பக்கம் முழுக்கப் பரவியிருந்தது. பால்பாயின்ட் மையும் அழியாமல் நின்றது. கரைந்த பக்கங்களில் எழுபத்தாறு பெயர்கள். அவற்றைப் பழைய டிசி அடிக்கட்டைகளையும், ஊரில் அவரவர் வீட்டில் இருந்த டிசியையும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். முடித்தபோது பொங்கல் வந்துவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நவம்பர், டிசம்பர் என்பது பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல் தயாரிக்கும் காலம். மார்ச்சில் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் அது. அதில் போகும் இனிஷியலும் பிறந்த தேதியும்தான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும், சாகும்வரை கூட வரும். ஈமிஸில், அதாவது மாணவர் விவரங்களை ஏற்றி வைக்கும் துறையின் இணையதளத்தில், இருக்கிறதே என்று கேட்கலாம். ஈமிஸில் தப்பு இருந்தால் எதைப் பார்த்துத் திருத்துவது? சேர்க்கைப் பதிவேட்டைத்தான். எங்கள் ஊருக்குக் கரண்ட் வரும்வரை நானும் கணக்கு ஆசிரியரும் பென் டிரைவோடு பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வந்து ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பட்டியலை ஏற்றினோம். பட்டியலைக் கேட்டிருந்த அலுவலகத்தார், நாங்கள் கேட்ட அவகாசத்தை வாய்மொழியாகக் கொடுத்தார்கள். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஆனால் அதே நாட்களில் இன்னோர் அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. பாடப்புத்தகம் நனைந்து போன ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட விண்ணப்பமும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் வேண்டும் என்று. கூரையே போன வீட்டில் ரேஷன் கார்டு எங்கே இருக்கும்? ஜெராக்ஸ் கடைக்குக் கரண்ட் எங்கே? தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட ஒரு பட்டியலை நம்பியிருந்தால் அந்த வாரமே புத்தகம் வந்திருக்கும். எங்களுக்குப் பதினெட்டு நாள் ஆனது.

என் பதிலின் நடு இதுதான். பேரிடருக்குப் பிறகு மேலே இருக்கும் கல்வி அமைப்பு முதலில் செய்ய வேண்டியவை மூன்று. தேதிகளைத் தள்ளிவைக்க வேண்டும். தாள்களைக் காப்பாற்ற வேண்டும். பள்ளியில் இருக்கும் ஆளின் கையெழுத்தை நம்ப வேண்டும். மூன்றுக்குமே பெரிய பணம் தேவையில்லை, மேலே ஒருவர் துணிந்து முடிவெடுத்தால் போதும்.

நம் மாநிலம் இதைச் செய்யாமல் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் பக்கத்து மாவட்டங்களும் மூழ்கியபோது அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளினார்கள், பிள்ளைகளுக்கு மறுபடி புத்தகம் கொடுத்தார்கள், சான்றிதழ் தொலைத்தவர்களுக்கு முகாம் போட்டுக் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தார்கள். 2020இல் கொரோனாவுக்காகப் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தபோது காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். அந்த வருகைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் எங்கே இருந்தன? அதே பீரோவில்தான்.

இப்போது லூசியானா. அங்கே இருப்பது தொடக்க, இடைநிலைக் கல்வி வாரியம். பதினோரு பேர். எட்டுப் பேரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்று பேரை ஆளுநர் நியமிக்கிறார். கல்விக் கொள்கைக்கென்று தனியாக ஓட்டுப் போடும் உரிமை என்பது எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 29 கத்ரீனா சூறாவளி வந்து நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. அதே நவம்பரில் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, அந்த நகரத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை உள்ளூர் நிர்வாகத்திடமிருந்து எடுத்து, 2003இலேயே உருவாக்கி வைத்திருந்த 'மீட்புப் பள்ளி மாவட்டம்' என்ற மாநில அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. 7,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். பள்ளிகள் மெல்ல மெல்லத் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளாக மாறின. 2018இல்தான் அவை உள்ளூர் நிர்வாகத்தின் கண்காணிப்புக்குத் திரும்பின.

பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அதை மறுக்க மாட்டேன். அந்தப் பள்ளிகள் புயலுக்கு முன்பே சரியாக நடக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அந்த 7,000 பேரைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வீடு போய், ஊர் போய், அகதியாக எங்கோ தங்கியிருக்கும் டீச்சருக்கு வேலையும் போய்விட்டது. திரும்பி வந்த பிள்ளை பள்ளி வாசலில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் நின்றிருக்கும். அதை எந்த மதிப்பெண்ணாலும் ஈடுகட்ட முடியும் என்று நான் நம்பவில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பாவுக்கு அறுபது தென்னை, அத்தனையும் விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் தென்னையைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம். அந்த மனிதர் சாய்ந்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, "பிள்ளைகளைப் பறிகொடுத்துட்டேன் டீச்சர்" என்றார். பள்ளி திறந்து மூன்று நாளாகியும் பையன் வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. உடற்கல்வி ஆசிரியர் அவனுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கபடி சொல்லிக் கொடுத்தவர். அவருடைய சொந்தத் தோப்பும் போயிருந்தது. இருந்தும் பஸ் ஏறித் திருப்பூர் போய், அவன் தங்கியிருந்த அறையில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். புதிதாக வந்த ஒருவர் கூப்பிட்டிருந்தால் அவன் வந்திருக்கவே மாட்டான். மார்ச்சில் கணக்கில் தவறினான். ஜூன் துணைத்தேர்வில் தேறி, அதே வருஷம் ஐடிஐயில் சேர்ந்தான். அந்தத் துணைத்தேர்வு இல்லாவிட்டால் ஒரு வருஷம் போயிருக்கும். அப்புறம் திருப்பூர்தான்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்த பிறகு, கட்டடப் பாதுகாப்பு முதல் விஷயம் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புயலுக்கும் அரசுப் பள்ளிதான் நிவாரண முகாம். வீடு இழந்தவர்களை எழுந்து போகச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனசு வராது. ஆனால் முகாம் நீள நீள வகுப்பு தள்ளிப்போகிறது. ஒரு பகுதியை மட்டும் முகாமுக்கு விட்டு, மற்ற பகுதியில் அரை நாளாவது பள்ளி நடத்தலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் இருந்தால் நல்லது. பள்ளி திறந்தால்தான் சத்துணவும் கிடைக்கும்.

இந்தப் பதிலைத் தேடி வருபவர்களில் சான்றிதழ் இழந்தவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு: இ-சேவை மையத்தில், பேரிடரில் கல்விச் சான்றிதழ் இழந்ததற்கான சான்று என்று வருவாய்த் துறைச் சேவை ஒன்று இருக்கிறது. விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குப் பிறகு தாசில்தார் அலுவலகம் கொடுக்கும். அதை எடுத்துக்கொண்டு, கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் மூலம் மதிப்பெண் சான்றிதழ் நகலுக்கு விண்ணப்பியுங்கள். சமீப ஆண்டுகளில் படித்தவர்கள் முதலில் டிஜிலாக்கரில் பாருங்கள், மதிப்பெண் பட்டியல் அங்கேயே கிடைக்கலாம்.

இதைப் படிக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறப்பதற்குள் சேர்க்கைப் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாக செல்போனிலாவது படம் எடுத்து, பள்ளிக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். மூலப் பதிவேட்டை நல்ல தடிமனான பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். மேல்தட்டு வேண்டாம்.