பளபளப்பு வேறு, பிடிமானம் வேறு: படிக்கட்டுக் கைப்பிடி குறித்த கேள்வி-பதில்

வீடு கட்டுவோர் பூமிபூஜை முதல் கிரகப்பிரவேசம் வரை எத்தனையோ பொருள்களைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். படிக்கட்டுக் கைப்பிடியை மட்டும் கையில் காசு தீரும் கடைசி வாரத்தில், பட்டறைக்காரர் காட்டும் கைப்பேசிப் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எனக்கு வந்த வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி வார முடிவின் விளைவுகளைப் பற்றியவை.

தூத்துக்குடி வாசகர்: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் வீடு. 304 தரம் என்று சொல்லிப் பொருத்திய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடியில் ஒன்றரை ஆண்டுக்குள் தேநீர் சிந்தியது போல் பழுப்புக் கறை படிந்துள்ளது. காந்தம் ஒட்டவில்லை என்பதால் பொருள் அசல்தான் என்கிறார் பட்டறைக்காரர். நம்பலாமா?

காந்தம் ஒட்டாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சந்தையில் 304-க்குப் பதிலாகக் கைமாறும் 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. மறுபக்கம், அசல் 304 பைப்பிலேயே வளைத்த இடத்திலும் வெல்டிங் ஓரத்திலும் லேசாக ஒட்டக்கூடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உள்ளே இருக்கும் உலோகக் கலவையில் உள்ளது. 304-இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202-இல் விலையைக் குறைப்பதற்காக நிக்கலை 4 முதல் 6 சதவீதமாகக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். பைப்பின் ஒரு மூலையில் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்து, நிற மாற்றத்தைப் பார்க்கும் வழக்கம் கடைகளில் உண்டு. வாங்கும்போதே அதைச் செய்யச் சொல்லுங்கள், ரசீதில் தரத்தை எழுதியும் வாங்குங்கள்.

ஆனால் உங்கள் பட்டறைக்காரர் பொய் சொல்லியிருக்கிறார் என்று இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உப்புக்காற்று நேரடியாக அடிக்கும் இடத்தில் அசல் 304-உம் கறைபடும். அங்கே பொருத்த வேண்டியது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 தரம்; விலை கூடுதல் என்பதால் வீடு முழுவதற்கும் வேண்டாம், பால்கனிக்கும் வெளிப்படிக்கும் மட்டும் போதும். மழை படும் பகுதி சுத்தமாக இருக்க, கூரைக்கு அடியில் மழையே படாத பகுதி அதிகம் கறைபட்டிருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். உப்பு கழுவப்படாமல் தங்குவதே அதற்குக் காரணம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். கைப்பிடி பொருத்திய பிறகு தரை டைல்ஸை ஆசிட் ஊற்றிக் கழுவினார்களா? அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், எஸ்.எஸ்.-க்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. தூணின் அடியில் தரையோடு ஒட்டிய மூடியைச் சற்றே தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் குண்டூசியால் குத்தியது போன்ற சிறு குழிகளும் அவற்றைச் சுற்றித் துருவளையமும் தெரிந்தால், குற்றவாளி பெரும்பாலும் கடலல்ல, அந்த ஆசிட்தான்.

கோயம்புத்தூர் வாசகர்: டூப்ளெக்ஸ் வீட்டில் ஐந்து கிடைமட்டப் பைப்புகள் கொண்ட கைப்பிடி அமைத்துள்ளோம். பேரனுக்கு மூன்று வயது. பாதுகாப்பானதா?

இல்லை. கிடைமட்டப் பைப்புகள் பெரியவர் கண்ணுக்கு நவீனமாகத் தெரியலாம், மூன்று வயதுக் குழந்தைக்கு அவை ஏணி. ஐந்தாவது பைப்பில் ஏறி நிற்கும் குழந்தைக்குத் தடுப்பு அதன் முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. அதன் பிறகு தடுப்பின் உயரம் 90 சென்டிமீட்டராக இருந்தால் என்ன, ஒரு மீட்டராக இருந்தால் என்ன? குழந்தைகள் உள்ள வீட்டில் செங்குத்துக் கம்பிகளே முறை. அவற்றுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, ஏனெனில் அதைவிட அகலமானால் குழந்தையின் கால்களும் உடலும் நுழைந்துவிட, தலை மட்டும் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அளவுகோல் தேடுவதைவிட, மட்டை உரித்த சிறிய தேங்காய் ஒன்றை எடுத்து நுழைத்துப் பாருங்கள்; அது தாராளமாகப் போய்வந்தால் இடைவெளி அதிகம். படிக்கும் கீழ்ப் பைப்புக்கும் இடையே உருவாகும் முக்கோண வெளியை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதையும் பாருங்கள்.

உள்ளதைப் பிரித்தெறிய வேண்டியதில்லை. குழந்தை நிற்கும் உள்பக்கமாகக் கெட்டியான பாலிகார்பனேட் தகடுகளை ஸ்க்ரூ வைத்துப் பொருத்தினால் கால் வைக்க இடமிருக்காது. மேல்தளத்து ஹாலில் கீழே எட்டிப்பார்க்கும் திறந்த பகுதியின் தடுப்பு, படியோரக் கைப்பிடியைவிட உயரமாக, ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதன் அருகே சோபா, பூந்தொட்டி, மோடா எதையும் போடாதீர்கள்.

கும்பகோணம் வாசகி: அம்மாவுக்கு வயது 76. பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையில் வலு குறைவு. பழைய வீட்டின் மாடிப்படி செங்குத்தானது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மரக் கைப்பிடி. கூடுதலாக என்ன செய்யலாம்?

சுவர்ப் பக்கம் ஒரு கைப்பிடி கட்டாயம் வேண்டும். ஏறும்போது வலப்பக்கம் இருக்கும் கைப்பிடி இறங்கும்போது இடப்பக்கம் ஆகிவிடும். ஒரு கையை மட்டுமே நம்பி நடப்பவருக்கு ஒற்றைக் கைப்பிடி என்றால் பாதி வழிக்கு மட்டுமே துணை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தந்தைக்காக ஏறுவதற்கு வசதியான பக்கத்தில் மட்டும் அழகான கைப்பிடி ஒன்றை நானே நின்று பொருத்தினேன். முதல் நாள் மாலை அவர் அதே கைப்பிடியை அதே கையால் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு பின்னோக்கி இறங்கி வந்ததைப் பார்த்த பிறகுதான் என் தொழிலறிவின் குறை எனக்கு விளங்கியது.

பருமனில் கவனமாக இருங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் கேட்காமலேயே 2 இன்ச் பைப்பைப் போட்டுவிடுவார்கள். மெலிந்த முதிய கைக்கு அது பெரிது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் மறுபக்கம் சந்திக்காது, உள்ளங்கை மேலே தங்குமே தவிர இறுகப் பிடிக்காது. ஒன்றரை இன்ச், அதாவது 38 மில்லிமீட்டர் உருண்டைப் பைப் அல்லது அதே பருமனில் கடைந்த மரம் சரியாக இருக்கும். சுவருக்கும் பைப்புக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் விட்டால்தான் விரல்முட்டிகள் சுவரில் உரசாது. தாங்கிகள் கீழ்ப்பக்கத்திலிருந்து பைப்பைத் தாங்க வேண்டும். பக்கவாட்டில் வந்தால் ஒவ்வொரு தாங்கியிலும் கையை எடுத்து எடுத்து வைக்க நேரும், அந்தக் கணத்தில் தடுமாறிக் கீழே விழும் ஆபத்து உண்டு.

முதல் படிக்கு முன்னாலும் கடைசிப் படிக்குப் பின்னாலும் கைப்பிடி 30 சென்டிமீட்டர் நீள வேண்டும். மேல்படியிலிருந்து காலை இறக்கும் முன்பே கை எதையாவது பற்றியிருக்க வேண்டும் என்பதே இதன் காரணம். அப்படி நீளும் முனையைச் சுவரை நோக்கி வளைத்து மூடிவிடுங்கள். திறந்த முனையில் சேலைத் தலைப்பும் பைவாரும் மாட்டிக்கொண்டு ஆளை இழுத்துவிடும். உயரம் படியின் முன்விளிம்பிலிருந்து 85 முதல் 90 சென்டிமீட்டர் என்பது பொது அளவு. வெல்டிங்குக்கு முன் அம்மாவையே படியில் நிற்கவைத்து, முழங்கை சற்றே மடங்கிய நிலையில் கை எங்கே இயல்பாகத் தங்குகிறதோ அங்கே சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி வேண்டாம், பார்வை மங்கியவருக்கு அது தெரியாது.

கடைசியாக, உங்கள் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய செங்கல் சுவராக இருக்கலாம். பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் அதில் ஓராண்டு நிற்காது. சுவரின் மறுபக்கம் அறை இருந்தால், சுவரைத் துளைத்துப் போல்ட்டை நுழைத்து மறுபக்கம் தகடு வைத்து முடுக்குவதே நம்பகமானது. அறைக்குள் தெரியும் அந்தத் தகடுகளுக்குச் சுவரின் நிறத்தையே பூசிவிடலாம்.

சென்னை வாசகர்: பால்கனிக்குக் கண்ணாடித் தடுப்பு வைக்க ஆசை. டஃபன்டு கிளாஸ் (வலுவூட்டிய கண்ணாடி) என்றால் உடையாது என்கிறார்களே?

உடையும். சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலு உண்டு, உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாக அல்லாமல் சிறு மணிகளாக உதிரும். அவ்வளவுதான் அதன் சிறப்பு. உதிர்ந்த பிறகு அங்கே தடுப்பு என்று ஒன்றும் இருக்காது. கண்ணாடிக்குள் தங்கிவிடும் நுண்ணிய நிக்கல் சல்பைடுத் துகளால், யாரும் தொடாமலேயே ஒருநாள் அது நொறுங்குவதும் உண்டு. ஆகவே மாடி பால்கனிக்கு இரண்டு டஃபன்டு கண்ணாடிகளை நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகையையே கேளுங்கள். ஒரு தாள் உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே ஒரு கைப்பிடிப் பைப்பும் ஓடட்டும். அது இல்லாத கண்ணாடி விளிம்பு படங்களில் அழகாக இருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

டஃபன்டு செய்த பிறகு கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், டைல்ஸ் வேலை முழுவதும் முடிந்த பின்னரே அளவெடுக்கச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர் தெறித்தால் உப்புத்திட்டு படியும். தினமும் துடைக்க ஆளில்லாத வீட்டுக்கு நான் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை.

காரைக்குடி வாசகர்: தாத்தா காலத்துப் பர்மா தேக்குக் கைப்பிடி ஆடுகிறது. எடுத்துவிட்டு எஸ்.எஸ். போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஆடுவது பெரும்பாலும் மரத்தின் குற்றமாக இருக்காது. அடித்தூண் தரையோடு சேரும் இடத்தில் பொருத்து தளர்ந்திருக்கும், அல்லது ஈரம் ஏறி அடிப்பகுதி மட்டும் உளுத்திருக்கும். கடைசல் வேலை தெரிந்த ஆசாரி ஒருவரைக் கொண்டு அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, அதே தேக்கில் ஒட்டுச் சேர்த்து முளையடித்துவிடலாம். செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பழைய தேக்கு உங்கள் ஊரிலேயே விற்பனைக்கு வருகிறது. பழைய கைப்பிடி உயரம் குறைவாக இருந்தால் அதன்மேல் எதையும் ஏற்றி ஒட்டாதீர்கள், சுவர்ப் பக்கம் தனியாக ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகர்: கிளினிக் வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை அமைக்கிறோம். கைப்பிடி ஒரு பக்கம் போதுமா?

போதாது, இரு பக்கமும் வேண்டும். அதுவும் ஏறத்தாழ 75, 90 சென்டிமீட்டர் என இரண்டு உயரங்களில். கீழ்ப் பைப் நாற்காலியில் அமர்ந்தவருக்கும் சிறுவருக்கும், மேல் பைப் நடப்பவருக்கும். ஆனால் கைப்பிடிக்கு முன் சரிவைச் சரிபாருங்கள்: 1-க்கு 12 என்ற கணக்கில், வாசல் 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் பாதை 5.4 மீட்டர் நீள வேண்டும். இடமில்லை என்று மூன்று மீட்டரில் முடித்துவிட்டால் எந்தக் கைப்பிடியும் அதைக் காப்பாற்றாது. பாதையின் ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சிறு வரப்பும் கட்டுங்கள்.

வேலூர் வாசகி: மொட்டை மாடிக்குப் போகும் வெளிப்படியில் எஸ்.எஸ். கைப்பிடி வெயிலில் தொட முடியாதபடி சுடுகிறது.

வேலூர் வெயிலுக்கு வேறெப்படி இருக்கும்? பைப்பின் மேல் மரப்பிடி ஒன்றைப் பொருத்தலாம். இரும்பில் புதிதாகச் செய்வதானால் வெளிர் நிறப் பூச்சு ஓரளவு உதவும். பைப்பின் முனைகளை முழுக்க அடைத்து, வெல்டிங் ஓரங்களில் பிரைமர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே புகுந்த மழைநீர் இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும், வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும்.

திருச்சி வாசகர்: வேலை முடிந்தது, நாளை பட்டறைக்காரருக்கு மீதிப் பணம் தர வேண்டும். எதைப் பார்த்துவிட்டுத் தரலாம்?

முதலில் நடுத்தூணின் உச்சியைப் பிடித்து உடல் எடையைச் சாய்த்துத் தள்ளிப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்தில் 20 கிலோ விசையில் தள்ளினால், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள அடி போல்ட்டுகளில் ஏறத்தாழ 200 கிலோ இழுவிசை விழும். பைப் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் முதலில் தோற்பது இந்த அடிதான். தரையோடு ஒட்டிய மூடிகளைத் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு அடித்தகட்டிலும் எத்தனை ஆங்கர் போல்ட் இருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு துளை இருந்து இரண்டு போல்ட் மட்டும் இருந்தால் பணம் தர வேண்டாம். போல்ட் கிரானைட்டிலும் அதன் கீழுள்ள கலவையிலும் மட்டும் நிற்கிறதா, கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கிறதா என்பதைப் போல்ட்டின் நீளத்தைக் கேட்டே கணக்கிடலாம். இரண்டு சென்டிமீட்டர் கிரானைட், அதன் கீழ் மூன்று நான்கு சென்டிமீட்டர் கலவை என்றால், ஐந்து சென்டிமீட்டர் போல்ட் கான்கிரீட்டைத் தொடவே இல்லை.

அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கைப்பிடியில் அழுத்தியபடி மேலிருந்து கீழ்வரை மெதுவாக இறங்குங்கள். எங்கே கை தடுக்கிறதோ, எங்கே வெல்டிங் முள் குத்துகிறதோ, அங்கே சாக்பீஸால் குறியிட்டு, பட்டறைக்காரர் இருக்கும்போதே தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.