அக்காவின் காப்பு எங்கே, தம்பி?

கேள்வி: எனக்கு 26 வயது. வெள்ளவத்தையில் அக்காவோடு ஒரு அனெக்ஸில் இருக்கிறேன். காப்புறுதி நிறுவன வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக ஸ்டோரிபோர்ட் கீறுகிறேன், அதாவது படம் எடுக்க முன் காட்சிகளை ஃபிரேம் ஃபிரேமாக, கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது. விளம்பரப் படங்களுக்கு இடைக்கிடை வேலை வரும். வெளிநாட்டு அனிமேஷன் ஸ்டூடியோ ஒன்று இரண்டு டெஸ்ட் (மாதிரி வேலை) வாங்கிவிட்டு, 60 ஃபிரேமில் மூன்றாவதும் கேட்டிருக்கிறது. வவுனியாவில் இருக்கும் அப்பா, "படம் கீறுறதும் ஒரு தொழிலா?" என்கிறார். படம் கீறும் டேப்லெட் வாங்க அக்கா தன் சோடிக் காப்பை அடகு வைத்துக் காசு தந்தாள், அவள் ஒன்றும் சொல்வதில்லை. அப்பாதான் பிரச்சினை. அக்காவும் இப்போது கல்யாண வீடுகளுக்கு வராததால் சொந்தக்காரரின் கேள்விகளுக்கு நான் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சினிமா இயக்குநர் சத்யஜித் ராய்கூடக் கஷ்டப்பட்டுத்தானே வந்தார்? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம், சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். மூன்று பக்கம் அப்பா. அக்காவுக்குக் கிடைத்தது இரண்டு வரி. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? ஒன்று, காப்பு அடகில் இருக்கிறது. மற்றது, அக்கா கல்யாண வீட்டுக்கு வருவதில்லை. கல்யாண வீட்டில் பெண்களின் கண் முதலில் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? வெறுங்கையோடு போய், "காப்பு எங்கே பிள்ளை?" என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்றுதான் அவள் வீட்டில் இருக்கிறாள். நீங்களோ, துணைக்கு ஆள் இல்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

வசனமே இல்லாத காட்சியில் ஒரு பெண் கையை மறைத்தால், அது ஏன் என்று பார்ப்பவருக்கு விளங்க வேண்டும். அதற்காகக் கமராவை எங்கே வைப்பது என்று இரவிரவாக யோசிக்கிற தொழில் உங்களுடையது. வீட்டில் அதே காட்சி எத்தனை மாதமாக நடக்கிறது!

ராயைச் சொன்னீர்கள். சரி, அவரையே பார்ப்போம். தன் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்கு அவர் காட்சி காட்சியாகப் படம் வரைந்து வைத்திருந்தார் என்பது உண்மை. விளம்பர நிறுவன வேலையை விடாமல் விடுமுறை நாட்களில்தான் படம்பிடித்தார் என்பதும் உண்மை. 1955இல் படம் வெளியாகும்வரை அந்தச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. மனைவியின் நகையும் அடகுக்குப் போனது. ஆனால் வீட்டுச் செலவையும் சேர்த்து அந்த அம்மாவின் தலையில் அவர் போடவில்லை. உங்கள் அனெக்ஸ் வாடகையை யார் கட்டுகிறார்கள்? நாலு பக்கத்தில் அது எங்கேயும் இல்லை.

தொழிலை விடச் சொல்லவில்லை. அது நல்ல தொழில். டிஸ்னி ஸ்டூடியோவில் 1930களின் தொடக்கத்திலேயே கதையைப் படம் படமாக வரைந்து சுவரில் குத்திப் பார்த்து, பிழையைக் கடதாசியிலேயே திருத்தினார்கள். இன்றைக்கு விளம்பரம், சினிமா, கேம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள், போதும்.

ஆனால் தொழில் என்றால் கூலி வேண்டும். ஒரு டெஸ்ட் கேட்பது அந்தத் துறையில் உள்ள வழக்கம். மூன்றாவது முறை 60 ஃபிரேம் கேட்பது ஓசி வேலை. இவ்வளவு தந்தால் செய்கிறேன் என்று இன்றைக்கே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதுதான் பதில். விளம்பர வேலைக்கும் எத்தனை ஃபிரேம், எத்தனை தரம் திருத்தம், அதற்கு மேல் போனால் என்ன விலை என்று முதலே எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணம் முற்பணமாக வராமல் பென்சிலைத் தொடாதீர்கள். காப்புறுதி வேலையில் உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம் என்று ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது அது இல்லை. விலை சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியும் மாதம் ஓடாவிட்டால் பகலில் ஒரு வேலைக்குப் போங்கள், இரவில் கீறுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"அவள் ஒன்றும் சொல்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நானும் ஒரு தம்பிக்கு அக்கா. அவன் படிப்புக்கு என் சங்கிலி அடகுக்குப் போனது, வட்டி கட்ட முடியாமல் மூழ்கியும் போனது. அவன் கேட்டிருந்தால் "அது பரவாயில்லையடா" என்றுதான் சொல்லியிருப்பேன். ஒருநாளும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவள் கையிலிருந்து கழற்றித் தந்ததை அவள் கையில் திருப்பிப் போடும்வரை அந்தக் கடன்தான் முதல் கடன். அப்பாவின் சம்மதம் அதற்குப் பிறகுதான்.

இன்றிரவு அடகுச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அலுமாரியில் உடுப்புக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருப்பாள். தவணை எப்போது முடிகிறது, வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் வாசியுங்கள். அடுத்து வருகிற விளம்பரக் காசு, காப்பை மூழ்காமல் காப்பாற்ற மட்டும் போதுமென்றால் வட்டியையாவது கட்டுங்கள். மீட்கிற அளவுக்குச் சேர்ந்த அன்றைக்கு, அவளையும் கூட்டிக்கொண்டு அடகுக் கடைக்குப் போங்கள். "இப்ப என்ன அவசரம், உனக்கு வேறு செலவு இருக்கும்" என்பாள். கேட்காதீர்கள்.