நிலமும் நீரும் சேர்ந்து முடித்த போர்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை முதல் மூன்று நாள்கள் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்குக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடலையும் ஆறுகளையும் பற்றிக் கேட்கின்றன. கடற்கரையில் வாழ்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்தாம் அவை. அந்தப் போரின் முடிவைப் புரிந்துகொள்ளவும் அவையே நல்ல வழி என்று கருதுகிறேன். பிரிந்துபோன 11 மாநிலங்களின் கூட்டமைப்பைத் ‘தெற்கு’ என்றும், ஆபிரகாம் லிங்கன் தலைமையில் இருந்த அரசை ‘வடக்கு’ என்றும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

கேள்வி (மீன்பிடித் தொழிலாளர் ஒருவர், குளச்சல்): கட்டுரை முழுவதும் தரைப்படைகளைப் பற்றியே இருந்தது. அந்தப் போரில் கடற்படைக்கு என்ன வேலை?

பதில்: போர் தொடங்கிய ஒரு வாரத்திற்குள், 1861 ஏப்ரல் 19 அன்றே, தெற்கின் துறைமுகங்களை அடைக்கப் போவதாக லிங்கன் அறிவித்தார். அடைக்க வேண்டிய கரையின் நீளம் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். அப்போது வடக்கிடம் இருந்த போர்க்கப்பல்களோ சுமார் 90, அவற்றிலும் பாதிக்கு மேல் பணியில் இல்லாதவை. வணிகக் கப்பல்களையும் பயணிகள் படகுகளையும் விலைக்கு வாங்கிப் பீரங்கி ஏற்றி, புதிய கப்பல்களையும் கட்டி, போர் முடிவதற்குள் அந்த எண்ணிக்கையை 600க்கு மேல் உயர்த்தினார்கள்.

அடைப்பு ஒருபோதும் முழுமையாக இருக்கவில்லை. பெர்முடாவிலிருந்தும் பஹாமாஸின் நாசோவிலிருந்தும், சாம்பல் வண்ணம் பூசிய, உயரம் குறைந்த, வேகமான நீராவிக் கப்பல்கள் நிலவில்லா இரவுகளில் காவலைத் தாண்டித் துப்பாக்கிகளையும் மருந்தையும் கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் அவை ஏற்றக்கூடிய சுமை சிறியது. பருத்தியைப் பொதி பொதியாக வெளியே அனுப்பிப் பணம் பார்த்த பழைய வாணிபம் அடியோடு நின்றுவிட்டது.

வடக்கின் கடற்படை தனியாகச் செய்ய முயன்றவை பல தோற்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1863 ஏப்ரல் 7 அன்று ஒன்பது இரும்புக் கவசக் கப்பல்கள் சார்ல்ஸ்டன் துறைமுகத்தைத் தாக்கி, கோட்டைகளின் பீரங்கிச் சூட்டில் அடிபட்டுத் திரும்பின. 1865 பிப்ரவரியில் வடக்கின் தரைப்படை உள்நாட்டு வழியே நெருங்கி ரயில் பாதைகளை அறுத்த பிறகுதான் அந்த ஊர் விழுந்தது. 1741இல் உங்கள் ஊர்க் கரையில் இறங்கிய டச்சுக்காரர்கள் கடலில் எவ்வளவு வலிமை பெற்றிருந்தும், மார்த்தாண்ட வர்மாவின் படை நிலப்பக்கத்தை வளைத்துக்கொண்டதும் சரணடைந்ததைக் குளச்சலில் உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தக்கலை): போரின் திருப்புமுனை கெட்டிஸ்பர்க் என்று எழுதினீர்கள். அதற்கு மறுநாள் விழுந்த விக்ஸ்பர்க் அதைவிட முக்கியமானது அல்லவா?

பதில்: நான் உங்கள் பக்கம்தான் ஐயா. கெட்டிஸ்பர்க்கில் இரு தரப்பிலும் சேர்த்து 50,000 பேர் அளவுக்கு மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் இழப்பு நேர்ந்தது. ஆயினும் தெற்கின் தளபதி லீயின் படை கலையாமல் வர்ஜீனியாவுக்குத் திரும்பிச் சென்று இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போரிட்டது. விக்ஸ்பர்க்கில் ஒரு முழுப் படையே, ஏறக்குறைய 29,000 பேர், ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். அத்துடன் மிசிசிப்பி ஆறு தெற்கின் கையிலிருந்து நழுவியது.

அந்த ஆறு ஏன் அவ்வளவு பெரிது என்பதை ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. தெற்கை நெடுக்காக இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும் அதன் மேற்கே டெக்சஸ், அர்கன்சா, லூசியானாவின் பெரும்பகுதி ஆகியவை இருந்தன. தெற்கின் படைகளுக்கு மாட்டிறைச்சியும் தானியமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தன. 1862 பிப்ரவரியில் வடக்கின் பீரங்கிப் படகுகளும் தளபதி கிராண்டின் தரைப்படையும் டென்னசி, கம்பர்லண்ட் ஆறுகளின் மேல் இருந்த ஹென்றி, டொனல்சன் கோட்டைகளைப் பத்து நாள் இடைவெளியில் பிடித்து மேலிருந்து இறங்கின. அதே ஆண்டு ஏப்ரல் 24 அன்று கடற்படை அதிகாரி ஃபாரகட் கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்து, இரு கோட்டைகளின் சூட்டை இரவில் தாண்டி, தெற்கின் மிகப் பெரிய நகரமான நியூ ஆர்லியன்ஸைப் பணியவைத்தார். எஞ்சிய பூட்டு விக்ஸ்பர்க். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், கிழக்குக் கரையின் உயர்ந்த மேட்டில் பீரங்கிகளோடு நின்ற ஊர் அது. 1862 கோடையில் ஃபாரகட் கப்பல்களை மட்டும் கொண்டு முயன்றார். மேட்டின் மேல் ஏறிப் பிடிக்க ஆள் இல்லாததால் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் வடக்கின் தரைப்படைத் தளபதி ஷெர்மன் சதுப்பு நிலத்தின் வழியே தாக்கித் தோற்றார். கிராண்ட் அந்தக் குளிர்காலம் முழுவதும் கால்வாய் வெட்டியும் கிளையாறுகளில் படகுகளை நுழைத்தும் பார்த்தார், எதுவும் பலிக்கவில்லை.

பிறகு அவர் எடுத்த முடிவு அசாதாரணமானது. படையை ஆற்றின் மேற்குக் கரை வழியே ஊருக்குத் தெற்கே நடத்திச் சென்றார். 1863 ஏப்ரல் 16 இரவு, கடற்படை அதிகாரி போர்ட்டர் தலைமையில் பீரங்கிப் படகுகளும் சரக்குப் படகுகளும் விக்ஸ்பர்க்கின் பீரங்கிகளுக்கு நேர் கீழே மிதந்து கடந்து அவருக்காகக் கீழ்ப்பக்கம் வந்து சேர்ந்தன. அந்த ஓட்டத்தில் ஒரே ஒரு சரக்குப் படகுதான் அழிந்தது. ஏப்ரல் 30 அன்று அந்தப் படகுகளிலேயே படை ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையில் புரூயின்ஸ்பர்க் என்னும் இடத்தில் இறங்கியது. அங்கிருந்து நேராக விக்ஸ்பர்க்குக்குப் போகாமல், உள்நாட்டுக்குள் ஜாக்சன் நகரம் வரை சென்று ரயில் தொடர்பை அறுத்து, அதன் பின் மேற்கே திரும்பி, சாம்பியன் ஹில்லில் எதிரியை முறித்து ஊருக்குள் அடைத்தார். நேரடியாக ஏறிப் பிடிக்க மே 19, 22 ஆகிய நாள்களில் செய்த இரு முயற்சிகளும் தோற்ற பின் முற்றுகையில் அமர்ந்தார். 47 நாள் நிலத்திலிருந்து கிராண்டும் ஆற்றிலிருந்து போர்ட்டரும் குண்டு வீச, ஊர் மக்கள் மேட்டில் குகை தோண்டி வாழ்ந்தார்கள். இறுதியில் கோவேறு கழுதை இறைச்சி உணவாயிற்று. ஜூலை 4 அன்று ஊர் சரணடைந்தது.

இந்தப் படையெடுப்பில் என்னை மிகவும் கவரும் செய்தி, போர்ட்டர் கிராண்டின் கீழ்ப் பணியாற்றியவர் அல்லர் என்பதே. தரைப்படைக்கும் கடற்படைக்கும் தனித்தனி அமைச்சகம். ஒருவருக்கு மற்றவர் ஆணையிட முடியாது. பீரங்கிகளைத் தாண்டிக் கீழே போன படகுகள் எதிர்நீரில் மெல்ல மேலேறித் திரும்புவது தற்கொலைக்குச் சமம் என்று போர்ட்டர் அறிந்திருந்தும், கிராண்டின் திட்டத்தை நம்பி ஒத்துழைத்தார். இத்தகைய இணக்கம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 1864 டிசம்பரில், வில்மிங்டன் துறைமுகத்தைக் காத்த ஃபிஷர் கோட்டையில் காணலாம்: அங்கே போர்ட்டரும் தரைப்படைத் தளபதி பட்லரும் ஒருவரையொருவர் பொறுக்காதவர்கள், தாக்குதல் வீணாயிற்று. பட்லரை மாற்றி டெர்ரியை அனுப்பினார்கள். 1865 ஜனவரி 15 அன்று கோட்டை விழுந்தது. லீயின் படைக்குச் சரக்கு வந்துகொண்டிருந்த கடைசிப் பெரிய துறைமுகமான வில்மிங்டன் அதோடு மூடப்பட்டது.

கேள்வி (பொறியியல் கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்): இரும்புக் கப்பல்கள் இரண்டும் மோதியதில் வென்றது யார்?

பதில்: யாரும் வெல்லவில்லை. 1862 மார்ச் 8 அன்று தெற்கின் இரும்புக் கவசக் கப்பலான ‘வர்ஜீனியா’ வடக்கின் மரக்கப்பல்களான ‘கம்பர்லண்ட்’டை முட்டி மூழ்கடித்து ‘காங்கிரஸ்’ஸை எரித்தது. மறுநாள் எரிக்சன் வடிவமைத்த, சுழலும் கோபுரத்தில் இரண்டே பீரங்கிகள் கொண்ட வடக்கின் இரும்புக் கப்பல் ‘மானிட்டர்’ வந்து நின்றது. நான்கு மணி நேரம் சுட்டுக்கொண்டும் ஒன்றையொன்று உடைக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் நார்ஃபோக் துறைமுகம் தரைவழியே பறிபோனபோது ஒதுங்க இடமின்றி ‘வர்ஜீனியா’வை அதன் மாலுமிகளே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ‘மானிட்டர்’ அந்த ஆண்டின் கடைசி நாளில் ஹட்டராஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியது.

கேள்வி (படகு உரிமையாளர், கன்னியாகுமரி): தெற்கின் போர்க்கப்பல் ஒன்று நம் கடல் வழியே போனதாகச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. அந்தக் கப்பலின் பெயர் ‘அலபாமா’. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் கட்டப்பட்டு, 1862 ஜூலையில் வணிகக் கப்பல் போலக் கிளம்பி, அசோர்ஸ் தீவுகளில் பீரங்கிகளை ஏற்றிக்கொண்டது. தலைவர் ரஃபேல் செம்ஸ். மாலுமிகளில் பெரும்பாலோர் பிரித்தானியர். வடக்கின் வணிகக் கப்பல்களைப் பிடித்து, ஆள்களை இறக்கிவிட்டுக் கப்பலை எரிப்பதே அதன் தொழில். நன்னம்பிக்கை முனையைக் கடந்து இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்து, 1863 டிசம்பரில் சிங்கப்பூரை அடைந்தபோது, அந்தத் துறைமுகத்தில் பல அமெரிக்கக் கப்பல்கள் வெளியே வர அஞ்சி முடங்கிக் கிடந்தன.

அங்கிருந்து மலாக்கா நீரிணை வழியாக வந்து இலங்கையைச் சுற்றி, குமரிமுனைக்குத் தெற்கே கடந்து மலபார்க் கரைப் பக்கம் திரும்பியது. 1864 ஜனவரி 14 அன்று ‘எம்மா ஜேன்’ என்னும் அமெரிக்கக் கப்பலைப் பிடித்து எரித்தது. அதிலிருந்தவர்களைத் திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள அஞ்சுதெங்கில் கரையிறக்கிவிட்டு ஆப்பிரிக்கா நோக்கிச் சென்றது. அன்று நம் கரையிலிருந்து பார்க்கக்கூடிய கடலுக்குச் சற்று அப்பால்தான் அமெரிக்கப் போரின் ஒரு துண்டு எரிந்துகொண்டிருந்தது.

ஏறத்தாழ 65 கப்பல்களைப் பிடித்த பிறகு, 1864 ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே வடக்கின் ‘கியர்சார்ஜ்’ அதை மூழ்கடித்தது. இத்தகைய கப்பல்களைக் கட்ட இடம் கொடுத்ததற்காக 1872இல் ஜெனீவா நடுவர் மன்றத் தீர்ப்பின்படி பிரித்தானியா அமெரிக்காவுக்கு 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. ஆனாலும் என் மதிப்பீட்டில் ‘அலபாமா’ வடக்கின் வணிகத்தைக் காயப்படுத்தியதே ஒழிய, தெற்கின் ஒரு துறைமுகத்தைக்கூடத் திறக்கவில்லை. எரித்துவிட்டுப் போகும் கப்பலுக்குப் பின்னால் வந்து கரையைப் பிடிக்கும் படை தெற்கிடம் இல்லை.

கேள்வி (கைத்தறி நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர், வடசேரி): அந்தப் போரால் நம் பக்கத்துப் பருத்தி விலை ஏறியதா?

பதில்: ஏறியது. போருக்கு முன் பிரித்தானிய ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்து சென்றது. பஞ்சு கிடைக்காவிட்டால் பிரித்தானியா தங்களுக்காகத் தலையிடும் என்று நம்பி, முதல் ஆண்டில் தெற்கு தானாகவே ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. ஆலைகளிடம் பழைய இருப்பு நிறைய இருந்ததால் அந்த நம்பிக்கை பொய்த்தது. இருப்புத் தீர்ந்தபோது லங்காஷயர் தொழிலாளர்கள் பட்டினியில் விழ, வியாபாரிகள் எகிப்தையும் இந்தியாவையும் நோக்கித் திரும்பினார்கள். பம்பாயில் திடீர்ப் பணக்காரர்கள் தோன்றினார்கள். திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்தி தூத்துக்குடியிலிருந்து நல்ல விலைக்குக் கப்பலேறியது. விற்றவர்களுக்கு அது நல்ல காலம். நூல் வாங்கி நெய்த கைத்தறிக் குடும்பங்களுக்கு அதே விலையேற்றம் பெருஞ்சுமை. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, பம்பாயில் பல நிறுவனங்கள் கவிழ்ந்தன.

கேள்வி (விவசாயி, தோவாளை): ஷெர்மன் படை எதற்காகக் கடலை நோக்கி நடந்தது?

பதில்: 1864 நவம்பர் 15 அன்று அட்லாண்டாவிலிருந்து ஏறத்தாழ 60,000 பேருடன் புறப்பட்டவர், பின்னாலிருந்து சரக்கு எதுவும் வராது என்று தெரிந்தே, வழியிலுள்ள பண்ணைகளின் விளைச்சலை உண்டு, ரயில் பாதைகளைப் பெயர்த்துக்கொண்டு சென்றார். அப்படி நகரும் வரைதான் ஒரு படை பிழைக்கும், நின்றால் பசிக்கும். சவானா நகரத்தின் எல்லையில் காவற்படை நெல்வயல்களில் நீரைப் பாய்ச்சிவிட, ஷெர்மன் நிற்க வேண்டியதாயிற்று. வயல் நிறைய நீர் நிற்கும்போது வரப்பைத் தவிர நடக்க வழியில்லை என்பது நாஞ்சில் நாட்டில் உள்ள உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 13 அன்று ஆற்று முகத்திலிருந்த மெக்அலிஸ்டர் கோட்டையைப் பிடித்ததும், வெளியே காத்திருந்த கடற்படையின் சரக்குக் கப்பல்கள் உள்ளே வந்தன. எட்டு நாளில் சவானா அவர் வசமாயிற்று. கப்பல்கள் காத்திருக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் அந்த நடைப்பயணத்தை எந்தத் தளபதியும் தொடங்கியிருக்க மாட்டார்.

கேள்வி (கல்லூரி மாணவி, நாகர்கோவில்): அடிமைகளின் விடுதலைக்காக நடந்த போரில் அடிமைகள் வெறும் பார்வையாளர்களா?

பதில்: இல்லை. தெற்கு பிரிந்ததே அடிமை முறையைக் காப்பதற்காக. அந்த மக்களோ, வடக்கின் கப்பல்கள் கரையில் தெரிந்த நாளிலிருந்தே தாங்களாக நடக்கத் தொடங்கினார்கள். 1861 நவம்பரில் தென் கரோலினாவின் போர்ட் ராயலைக் கடற்படை பிடித்தபோது பண்ணை உரிமையாளர்கள் ஓடிவிட, ஆயிரக்கணக்கான அடிமைகள் அங்கேயே தங்கினார்கள். சார்ல்ஸ்டனில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை, ‘பிளான்டர்’ என்னும் தெற்கின் படைக்கப்பலை ஓட்டிவந்தவர். 1862 மே 13 அதிகாலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கியபோது, தம் குடும்பத்தையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு, கப்பல் தலைவரின் தொப்பியை அணிந்து, கோட்டைகளுக்குரிய ஊதல் குறிகளைச் சரியாகக் கொடுத்து வெளியேறி, அடைப்புக் கப்பல்களிடம் வெள்ளைத் துணியை ஏற்றிக் காட்டினார். துறைமுகத்தின் கண்ணிவெடிகள் எங்கே இருக்கின்றன என்ற அறிவும் அவரோடு வடக்குக்குச் சென்றது. பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வந்த பின் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் தரைப்படையில் சேர்ந்தார்கள். கடற்படையிலோ, அதற்கு முன்பிருந்தே சேர்ந்தவர்களையும் கூட்டினால், சுமார் 18,000 பேர். நம் ஊர் அன்று திருவிதாங்கூரின் பகுதி. அந்த அரசு 1855இலேயே அடிமை முறையை ஒழித்துப் பிரகடனம் வெளியிட்டிருந்தது. தாளில் வந்த விடுதலை வயலுக்கு வர எவ்வளவு காலம் பிடித்தது என்று இரு நாட்டு வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (நூலக வாசகர், குழித்துறை): லீ சரணடைந்த அன்றே போர் முடிந்துவிட்டதா?

பதில்: லீ அப்பமாட்டக்ஸில் சரணடைந்தது 1865 ஏப்ரல் 9. தெற்கின் இன்னொரு தளபதி ஜான்ஸ்டனின் படை ஏப்ரல் 26 அன்று ஷெர்மனிடம் பணிந்தது. மிசிசிப்பிக்கு மேற்கே இருந்த படைகள் அதற்கும் பிறகே கலைந்தன. தெற்கின் ‘ஷெனன்டோவா’ என்னும் கப்பல் ஜூன் மாதத்திலும் பேரிங் கடலில் வடக்கின் திமிங்கில வேட்டைக் கப்பல்களை எரித்துக்கொண்டிருந்தது. போர் முடிந்த உறுதியான செய்தி ஆகஸ்டில் எதிரே வந்த பிரித்தானியக் கப்பலிடமிருந்து கிடைக்க, நவம்பர் 6 அன்று லிவர்பூலில் கொடியை இறக்கியது. அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 6 அன்று தேவையான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது.