மாத்திரையை நிறுத்திவிட்டு அமேசானுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. அம்மா இறந்தபின் வந்த மனச்சோர்வுக்காக 14 மாதங்களாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறேன். அழுகை நின்றுவிட்டது; ஆனால் எதுவும் மனதில் ஒட்டுவதில்லை. பெருவில் இக்கிட்டோஸ் அருகே ஒரு வார அயவாஸ்கா முகாமுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் பயணம். ஐந்து நாட்களுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தினால் போதும் என்கிறார்கள். போகலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அடுத்த மாதம் போகாதீர்கள். அந்த ஐந்து நாள் கணக்குதான் காரணம்.

அயவாஸ்கா, ஒரு கொடியையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் மணிக்கணக்கில் காய்ச்சி எடுக்கும் கஷாயம். காட்சிகளைத் தருவது இலையில் உள்ள டிஎம்டி. அதை மட்டும் குடித்தால் ஒன்றும் நடக்காது. குடலிலும் ஈரலிலும் இருக்கும் எம்ஏஓ என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் ஆகியவை அந்த நொதியைத் தடுக்கின்றன. அதனால்தான் டிஎம்டி மூளை வரை போகிறது. அத்தனை ஆயிரம் தாவரங்கள் உள்ள காட்டில் இந்த இரண்டையும் சேர்க்கத் தெரிந்த மக்களின் அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான். உங்கள் மாத்திரையோ, செரட்டோனினை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சாமல் தடுக்கிறது. இரண்டும் ஒரே உடலில் சந்தித்தால் செரட்டோனின் அளவுமீறிப் போகலாம். நடுக்கம், கடும் காய்ச்சல், தசை விறைப்பு, வலிப்பு என்று வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எஸ்சிட்டலோபிராமை நிறுத்தியபின் இந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளைத் தொடங்க குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும் என்பது மருத்துவ விதி. ஃப்ளுவாக்ஸிடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை என்றால் ஐந்து வாரம். டிராமடால் என்ற வலி மாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த சாதாரண இருமல் மருந்தும்கூட இந்தக் கஷாயத்தோடு சேரக் கூடாதவை.

அப்படியானால் 14 நாட்களுக்கு முன்பே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, மண்டைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு, எரிச்சல் எல்லாம் வரலாம். மனச்சோர்வே திரும்பவும் கூடும். அந்த நிலையில், மொழி தெரியாத ஊரில், இந்த அனுபவத்துக்குள் நீங்கள் இறங்குவதை நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

அந்த இரவு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘மலோகா’ என்ற வட்டமான கூரைவீடு. சுவரோரம் பாய்கள், ஒவ்வொரு பாயின் அருகிலும் ஒரு வாளி. சிறு கோப்பையில் கசப்பான பழுப்புக் கஷாயம் தருவார்கள். விளக்கை அணைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேகம் ஏறி, நான்கு முதல் ஆறு மணி நேரம் நீடிக்கும். மப்பாச்சோ புகையிலையின் நெடிக்கு நடுவே வைத்தியர் ‘இக்காரோ’ பாடல்களைப் பாடிக்கொண்டிருப்பார். பலர் வாந்தி எடுப்பார்கள். அதையே சுத்திகரிப்பாக எண்ணுகிறார்கள். சிலர் இறந்தவர்களைக் கண்டதாகச் சொல்வதுண்டு. நீங்கள் தேடுவதும் அதுவாக இருக்கலாம். ஆனால் அங்கே எதைக் காண்போம் என்பது நம் கையில் இல்லை.

பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரேசிலின் நத்தால் நகரில், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு கொண்ட 29 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஒரே ஒரு முறை அயவாஸ்கா குடித்தவர்களுக்கு, போலி மருந்து குடித்தவர்களைவிட ஏழாம் நாளில் சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டவர்கள், மனச்சோர்வு மருந்துகளை விட்டிருந்தவர்கள், குடித்தது மருத்துவமனையில்.

இன்னொன்று. பெருவின் அமேசான் பழங்குடிகளான ஷிப்பிபோ மக்களின் பழைய வழக்கத்தில் பெரும்பாலும் கஷாயம் குடிப்பது வைத்தியர்தான். நோயாளி படுத்திருப்பார், வைத்தியர் பாடுவார். வருகிறவர்கள் எல்லோரும் குடிப்பது வெளிநாட்டுப் பயணிகளோடு பெருகிய வழக்கம். அவர்களுடைய ‘தியேத்தா’வும் நம் பத்தியம் போன்றதே: உப்பில்லை, சர்க்கரையில்லை, மதுவில்லை, உடலுறவில்லை. ஒரு வார முகாம்களில் அதன் ஒரு துளிதான் கிடைக்கும்.

பின்னொரு நாள் போவதென்றால், உங்கள் மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாரக்கணக்கில் மெல்லக் குறைத்து, மாத்திரை இல்லாமலே சில மாதங்கள் நன்றாக இருந்தபின் முடிவெடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஸ்கிட்சோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயோ இருமுனைக் கோளாறோ இருந்திருந்தால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இதய நோயும் உயர் ரத்த அழுத்தமும் இருப்பவர்களுக்கும் இது ஆகாது.

முகாமிடம் நேராகக் கேளுங்கள். கஷாயத்தில் வேறென்ன சேர்க்கிறார்கள்? ‘தோயே’ என்றால் மறுத்துவிடுங்கள். அது நம் ஊமத்தையின் உறவு, அதே நஞ்சு. இக்கிட்டோஸுக்குச் சாலையே கிடையாது, விமானமோ படகோதான். முகாமிலிருந்து மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம்? இரவில் பெண் உதவியாளர் இருப்பாரா? இந்தச் சடங்குகளின்போது பெண்கள் பாலியல் அத்துமீறலுக்கு ஆளான புகார்கள் உண்மையிலேயே உள்ளன. உங்கள் மருந்துப் பட்டியலைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

டிஎம்டி இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. கஷாயத்தை ஒரு சொட்டுகூடக் கொண்டுவராதீர்கள். பெருவிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாட்கள் முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

“எதுவும் மனதில் ஒட்டுவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த மாத்திரையின் பக்கவிளைவாகவே இருக்கலாம். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்ய வழி இருக்கிறது. தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி முகாமுக்கு இன்றே எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது இந்த ஒரு வரியை முதலில் சொல்லுங்கள். அதுவரை இன்றிரவு மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடுங்கள்.