விகான்ல பழைய வீட்டு ஹோட்டல், அம்மா சைவம்: சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கேள்வி: மணிலாவுல வேலை பாக்குறேன். ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க. மனைவியையும் கூட்டிக்கிட்டு பிலிப்பைன்ஸ் வடக்குல இருக்கிற பழைய ஊரான விகானுக்கு ரெண்டு நைட் போலாம்னு பிளான், ஸ்பானிஷ் காலத்து வீட்டை ஹோட்டலா மாத்தியிருப்பாங்களே, அதுல தங்கணும்னு ஆசை. அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது, முழங்கால் வலியும் இருக்கு. மனைவி சிக்கன், மீன் மட்டும்தான். லோக்கல் சாப்பாடு சாப்பிட முடியுமா, இல்ல குக்கரோட போகணுமா?

பதில்: தாராளமா போயிட்டு வாங்க, குக்கர் வேண்டாம், பருப்புப்பொடி ஒரு டப்பாவும் ஊறுகாயும் பையில இருந்தா போதும். பிலிப்பைன்ஸ்லயே காய்கறி, கீரை நிறைய சாப்பிடுறவங்கன்னு பேரு வாங்கினது விகான் இருக்கிற இந்த இலோகோஸ் பகுதி ஆளுங்கதான். பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் அங்க தினசரி சமையல். சிக்கல் எங்கன்னா, கிட்டத்தட்ட எல்லா காய்லயும் பகோஓங் போடுவாங்க, அது சின்ன மீனை உப்புல ஊறப்போட்டு நொதிக்க வெச்சது.

பினாக்பெட்னு ஒரு ஐட்டம், பாக்குறதுக்கு நம்ம கூட்டு மாதிரியே பாகற்காய் கத்திரிக்காய் வெண்டைக்காய் தக்காளின்னு இருக்கும், மெனுவுல வெஜிடபிள்னு வேற போட்டிருக்கும், நம்பி அம்மாவுக்கு ஆர்டர் பண்ணிடாதீங்க. பகோஓங்கை அவங்க கடைசில சேர்க்கறது இல்ல, ஆரம்பத்துலயே தண்ணில கலந்து கொதிக்க விட்டு அதுலதான் காயை வேக வைக்கிறாங்க, அதனால டேபிளுக்கு வந்தப்புறம் எடுத்துடுங்கன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல. மேல பாக்னெட்னு மொறுமொறுன்னு பொரிச்ச பன்னி வயித்துக்கறியும் வெச்சுத் தருவாங்க. ஆனா பழைய வீட்டு ஹோட்டல்கள் பெரும்பாலும் சின்னதுதான், கிச்சன் உள்ளேயே இருந்தா ஆர்டர் வந்தப்புறம்தான் சமைப்பாங்க, முதல் நாள் ராத்திரியே சொல்லிட்டா தனியா ஒரு சட்டில உப்பு, பூண்டு, தக்காளி மட்டும் போட்டு செஞ்சு தருவாங்க. வெஜிடேரியன்னு சொன்னா மட்டும் போதாது, மீன் சாஸும் இறால் விழுதும் கறி கணக்குல வராதுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். அதனால பேர் பேரா சொல்லுங்க: வலாங் கார்னே, வலாங் இஸ்டா, வலாங் பகோஓங், வலாங் பதீஸ், வலாங் இட்லோக். கறி, மீன், மீன் இல்ல இறால் விழுது, மீன் சாஸ், முட்டை எதுவும் வேண்டாம்னு அர்த்தம். இது தகாலோக் மொழி, அங்க தாய்மொழி இலோகானோவா இருந்தாலும் தகாலோக் எல்லாருக்கும் புரியும்.

காலை சாப்பாடுதான் இந்த ஊர்ல தங்குறதோட பெரிய சுகம். பூண்டு போட்டு வதக்கின சாதம், முட்டை, பக்கத்துல விகான் லோங்கனிசான்னு குட்டி குட்டியா பூண்டும் காடியும் (வினிகர்) தூக்கலான சாசேஜ், அது பன்னிக்கறி. உங்க மனைவிக்கு அதுக்குப் பதிலா பொரிச்ச பாங்குஸ் மீன் கேளுங்க, காடியில பூண்டோட ஊறினதா இருந்தா இன்னும் பிரமாதம். பூண்டு சாதம் அம்மாவுக்கும் ஆகும், ஆனா எந்த எண்ணெய்னு கேட்டுக்கோங்க, சில சமையக்கட்டுல பன்னிக்கொழுப்பு உபயோகிப்பாங்க. மதியம் சிக்கன் தினோலா நல்ல சாய்ஸ், இஞ்சி, பப்பாளிக்காய், கீரை போட்ட தெளிஞ்ச சூப். அதோபோ (காடி, சோயா சாஸ், பூண்டுல வேக வெச்ச கறி) கேட்டீங்கன்னா சிக்கன் மட்டுமான்னு கேளுங்க, சிக்கனும் பன்னிக்கறியும் சேர்த்துப் போடுறது உண்டு. சினாங்லாவ் மாட்டுக் குடல் சூப், அது உங்களுக்கு வேண்டாம்.

சாயந்திரம் பிளாசா பர்கோஸ் சதுக்கத்துக் கடைகள்ல எம்பனாடா போடுறதை நின்னு பாருங்க. அரிசி மாவுல சாயக்கொட்டை கலந்து ஆரஞ்சு கலரா இருக்கும், அதை மெல்லிசா தட்டி, துருவின பப்பாளிக்காயை வெச்சு, நடுவுல குழி பண்ணி முட்டையை உடைச்சு ஊத்தி, லோங்கனிசா சேர்த்து மடிச்சு, ஓரத்தை வெட்டி எண்ணெய்ல போடுவாங்க. லோங்கனிசா இல்லாம கேட்டா உங்க மனைவி சாப்பிடலாம். அம்மாவுக்கு வேண்டாம், முட்டையை விட்டுட்டாலும் எல்லாம் ஒரே எண்ணெய்ல பொரியுறதுதான். அவங்களுக்கு துபிக் வாங்குங்க, ஒட்டரிசி மாவும் தேங்காயும் வெல்லமும் வாழையிலையில சுத்தி கரியில சுட்டது. தாஹோ விக்கிறவர் கண்ணுல பட்டா விடாதீங்க, சூடான மிருதுவான டோஃபுல வெல்லப்பாகும் ஜவ்வரிசியும், முழுக்க சைவம்.

இப்ப ரூம் விஷயம். 1999ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த ஊர் இது, வீடுங்க கீழ செங்கல்லும் கல்லும், மேல மரம். குடும்பம் வாழ்ந்தது மாடியில, கீழ வண்டியும் சரக்கும் நின்ன இடம், அதனால அழகான ரூமெல்லாம் மாடியிலதான் இருக்கும், லிஃப்டை எதிர்பாக்காதீங்க, படியும் செங்குத்தா இருக்கும். அம்மாவுக்காக கீழ் ரூம் இருக்கான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, இதை மட்டும் செக்கின் நேரத்துக்கு விடாதீங்க. கல்யே கிரிசோலோகோ மேலேயே ரூம் எடுத்தா பாக்க ரொம்ப அழகு, ஆனா கல்லு பதிச்ச தெரு, கார் உள்ள வராது, பெட்டியைத் தூக்கிட்டு நடக்கணும், குதிரை வண்டிச் சத்தமும் இருக்கும். ஒரு தெரு தள்ளி எடுத்தா அம்மாவுக்கு சுலபம்.

மணிலாலேர்ந்து ரோடுல சுமார் 400 கிலோமீட்டர், நைட் பஸ்ல எட்டுலேர்ந்து பத்து மணி நேரம் ஆகும். முழங்கால் வலியோட அது கஷ்டம், லாவாக் வரைக்கும் ஃபிளைட்ல போய் அங்கேர்ந்து கார் எடுத்தா மிச்சம் 80 கிலோமீட்டர் சொச்சம்தான். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வெயில் தாங்கும். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துல போகாதீங்க, ரூமும் கிடைக்காது, சின்ன கிச்சன்ல உங்களுக்குன்னு தனியா சமைக்க ஆளுக்கு நேரமும் இருக்காது.