அது எந்தக் கடை?

கேள்வி: அம்மா, எனக்கு 33 வயது. ஒரு விமான நிறுவனத்தில் ஏழு வருடமாகத் துணை விமானியாக இருக்கிறேன். பேஸ் சென்னை. கணவர் ஐ.டி.யில், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு மூன்றரை வயது. பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பவும் பறக்க ஆரம்பித்ததிலிருந்து மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். தங்கமானவர். மாதத்தில் பத்து ராத்திரியாவது நான் வெளியூர் ஹோட்டலில். லீவு நாளில் மூன்று நாளைக்கான குழம்பு, பொரியலைச் செய்து ஃப்ரீஸரில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். நான் போவது தெரிந்தால் குழந்தை அழுவாள் என்று அவள் தூங்கும்போதே போய்விடுவேன் (எழுந்து கேட்டால் 'அம்மா கடைக்குப் போயிருக்கா' என்று அத்தை சமாளித்துவிடுவார்). ஹோட்டல் அறை தெரிந்துவிடும் என்பதால் வீடியோ கால்கூடச் செய்வதில்லை. இப்போதெல்லாம் பால் வாங்கக் கீழே இறங்கினால்கூடக் காலைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள். ராத்திரி என் நைட்டி நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். இந்த நேரம் பார்த்து கம்பெனியில் என்னைக் கேப்டன் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடவா? வேலையையே விட்டுவிடவா? நான் நல்ல அம்மாதானா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நர்ஸ் கேட்கிறார், பெண் காவலர் கேட்கிறார், பேங்கில் ஆடிட் என்று ஊர் ஊராகப் போகிறவர் கேட்கிறார். எல்லாருக்கும் இதே கேள்வி. 'நீங்கள் நல்ல அம்மாதான்' என்று நான் எழுதினால் ஒரு வாரம் நிம்மதியாக இருப்பீர்கள். அடுத்த ஹோட்டல் அறையில் அது கரைந்துவிடும். அந்தச் சான்றிதழ் கொடுக்கும் வேலை எனக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். 'அம்மா கடைக்குப் போயிருக்கா.' அதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், ஏதோ ஃப்ரீஸர் குழம்பு மாதிரி அதுவும் ஒரு ஏற்பாடு என்பதுபோல.

அது எந்தக் கடை? விடிவதற்குள் திறந்து, ஒரு ராத்திரி டெல்லியிலும் ஒரு ராத்திரி கௌஹாத்தியிலும் தங்கவைத்து, மூன்றாம் நாள் சாயங்காலம் திருப்பி அனுப்புகிற கடை?

குழந்தை பக்கம் நின்று கணக்குப் போடுங்கள். அம்மா கடைக்குப் போனால் சில நாள் பத்து நிமிஷத்தில் பால் பாக்கெட்டோடு வருகிறாள். சில நாள் மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு வருகிறாள். இரண்டுக்கும் வீட்டில் ஒரே பெயர். அப்படியிருக்க, நீங்கள் செருப்பு மாட்டுவதைப் பார்த்தால் அவள் கதறாமல் என்ன செய்வாள்? நானாக இருந்தாலும் கதறுவேன். அவள் உங்கள் வேலையைப் பார்த்து அழவில்லை அம்மா. உங்களுக்கு ஒரு வேலை இருப்பதே அவளுக்குத் தெரியாது. கடையைப் பார்த்துத்தான் அழுகிறாள். நைட்டி நுனியும் அதேதான். தூங்கி எழுந்தால் அம்மா காணாமல் போயிருப்பாள் என்று இத்தனை நாளாக அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள். நன்றாகப் படித்திருக்கிறாள்.

விமானம் அரைமணி நேரம் தாமதமானால் மைக்கை எடுத்து 180 பேருக்குக் காரணம் சொல்கிறீர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. காக்பிட்டில் ஓட்டுவதை மற்றவரிடம் கொடுக்கும்போது 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லி, அவர் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்ற பிறகுதான் கையை எடுப்பீர்களாம். சத்தமில்லாமல் நழுவுகிற பழக்கம் அங்கே கிடையாது. வீட்டுக்குள் மட்டும் விடியற்காலை மூன்று மணிக்கு ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நழுவுகிறீர்கள். (ஷூவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அப்படித்தானே?)

நான் ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா கூட்ஸ் டிரைவர். நடுராத்திரி கால் பாய் (டிரைவர்களை டூட்டிக்குக் கூப்பிட வருகிற ஆள்) வந்து கதவைத் தட்டுவான். அப்பா தூக்கக் கலக்கத்தில் அவன் நோட்டில் கையெழுத்துப் போடுவார். அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவாள். அந்தச் சத்தத்தில் நாங்கள் நாலு பேரும் விழித்துக்கொள்வோம். அப்பா டூட்டிக்கு எடுத்துப் போகும் லைன் பாக்ஸ் பெட்டி வாசலுக்குப் போகும். 'ஈரோடு போறேன். நாளைக்கு ராத்திரி வந்துடுவேன், இல்லன்னா அதுக்கு மறுநாள்' என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கிப் போவார். தங்கை அழுவாள். அழுதுவிட்டுத் தூங்குவாள். காலையில் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் 'எங்கப்பா ஈரோடு போயிருக்கார்' என்று பெருமையாகச் சொல்வாள், ஏதோ சீமைக்குப் போன மாதிரி. எங்கள் வரிசையில் இருபது வீடு, இருபதிலும் இதே கதைதான். ஒரு வீட்டிலும் 'அப்பா கடைக்குப் போயிருக்கார்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் சொல்லவில்லை? அப்பா வேலைக்குப் போவது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதனால்தான். உங்கள் வீட்டிலும் கணவர் ஆபீஸ் போகிற நாளில் 'அப்பா ஆபீஸ் போயிருக்கார்' என்றுதானே குழந்தையிடம் சொல்கிறீர்கள்? அவருக்கு ஆபீஸ், உங்களுக்குக் கடை. குழந்தை அழுவாள் என்பதெல்லாம் சாக்கு. அவள் அழுவதை நின்று பார்க்க உங்களுக்குத் தைரியம் இல்லை. தப்பு செய்துவிட்டுப் போகிறோம் என்று உள்ளுக்குள் நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அதனால்தான் ஒளிகிறீர்கள்.

1936-ல் லாகூரில் சரளா தக்ரால் என்ற 21 வயதுப் பெண், புடவை கட்டிக்கொண்டு ஜிப்சி மாத் விமானத்தில் ஏறித் தனியாகப் பறந்தார். விமானம் ஓட்டிய முதல் இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். அப்போது அவருக்கு நாலு வயதில் ஒரு மகள். 1966-ல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானார். இன்று உலகத்தில் நூறு விமானிகளில் ஐந்தாறு பேர் பெண்கள் என்றால், இந்தியாவில் பன்னிரண்டுக்கும் மேல். உங்களைக் குஷிப்படுத்த இதைச் சொல்லவில்லை. இந்தப் பன்னிரண்டு பேர் எப்படி வந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். சட்டம் 2017-ல் பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. நல்லதுதான். டெல்லியில் தூங்குகிற அம்மாவுக்குச் சென்னையில் காப்பகம் இருந்து என்ன பிரயோஜனம்? ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எழுந்து உட்காருவதற்கு வீட்டில் ஒரு பாட்டி வேண்டும், ஓர் அத்தை வேண்டும். இந்தியாவில் இத்தனை பெண்கள் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டுக் குடும்பத்தைக் கிண்டல் செய்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதும் இதனால்தான்.

அப்படிப்பட்ட மாமியாருக்கு நீங்கள் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? மாதத்தில் பத்து நாள் பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிற உத்தியோகம். அவர் சம்மதித்துத்தான் செய்கிறார், உங்கள் மேல் உள்ள பிரியத்தில். நாளை அவளுக்கு ஆறு வயதாகிக் கடை பொய் என்று புரியும்போது, உங்களைக் குறை சொல்ல மாட்டாள். 'பாட்டி பொய் சொல்வா' என்றுதான் சொல்வாள். அவரிடம் போய் உட்கார்ந்து, 'இனிமே கடைன்னு சொல்ல வேண்டாம் அத்தே, தப்பு என்னுடையதுதான்' என்று சொல்லுங்கள். இதை வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது.

உங்கள் கணவருக்குக் கடிதத்தில் ஒரே வரிதான் கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்து வேலை செய்கிறார் என்று. காலையில் குழந்தை எழுந்து 'அம்மா எங்கே' என்று கேட்கும்போது அவர் எங்கே இருக்கிறார்? ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அடுத்த அறையிலா? பாட்டி ஏன் பதில் சொல்ல வேண்டும்? 'அம்மா டெல்லிக்கு ஏரோப்ளேன் ஓட்டப் போயிருக்கா, நாளன்னிக்கு சாயங்காலம் வருவா, வா பல் தேய்க்கலாம்' என்று பெற்ற அப்பன் தூக்கிக்கொண்டு சொன்னால் ஆகாதா? அப்படியே அந்த ஃப்ரீஸர் சமாசாரத்தையும் அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். விமானிகளுக்கு வாரத்தில் 36 மணி நேரமாக இருந்த ஓய்வை, விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. 48 மணி நேரமாக்கியது நீங்கள் மூன்று நாளைக்கு வத்தக்குழம்பு வைப்பதற்காக இல்லை. அந்தத் தூக்கம் உங்கள் முதுகுக்குப் பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுடையது. அதில் கை வைக்க உங்களுக்கு உரிமையில்லை. அவர் சாம்பார் வைத்துப் பழகட்டும். முதல் மாதம் புளி தூக்கலாக இருக்கும், சாப்பிடுவார்கள்.

சரி, கேப்டன் விஷயம். துணை விமானியின் வலது பக்க சீட்டிலிருந்து கேப்டனின் இடது பக்கத்துக்கு மாறினால் குழந்தையைப் பிரியும் நாள் கூடிவிடும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி நடக்கிற மாதங்கள் நெருக்கடிதான். சிமுலேட்டர், பரீட்சை, படிப்பு என்று வீட்டில் இருக்கும்போதும் வீட்டில் இருக்க மாட்டீர்கள். ஆனால் வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது கேப்டனுக்கும் துணை விமானிக்கும் ஒன்றுதானே? இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஒத்துக்கொள்ளுங்கள். பறப்பதே பிடிக்கவில்லை என்றால் வேலையை விடுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. பிடித்த வேலையைக் குழந்தைக்காக விட்டால் என்ன ஆகும் தெரியுமா? அவள் பத்தாவதில் மார்க் குறைந்து வந்து நிற்பாள். 'உனக்காகத்தானேடி கேப்டனோட நாலு கோடு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன்' என்று உங்கள் வாயில் வரும். வராது என்று எனக்கு எழுதாதீர்கள். அந்தக் கடிதங்களும் எனக்கு வருகின்றன, மகள்கள் எழுதுகிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. எந்த நாள் எந்த ஊர் என்று மாத ரோஸ்டர் வருகிறதல்லவா, அது முதலில் குழந்தைக்குத் தெரிய வேண்டும். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்து அடுக்காதீர்கள். கூடத்தில் வைத்து அவள் எதிரில் அடுக்குங்கள். ஒரு சாக்ஸையாவது அவள் கையால் போடட்டும். யூனிஃபார்ம் தோளில் இருக்கும் மூன்று கோட்டையும் தொட்டு எண்ணட்டும். ஒரு நாள் மீனம்பாக்கம் பக்கம் கூட்டிப் போய், இறங்குகிற விமானத்தைக் காட்டி, 'இதுதான் அம்மா வேலை' என்று சொல்லுங்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, 'ரெண்டு ராத்திரி பாட்டிகிட்ட தூங்குவ, மூணாம் நாள் அம்மா வருவேன்' என்று சொல்லி ஒரு டம்ளரில் இரண்டு புளியங்கொட்டை போட்டு அவள் கையில் கொடுங்கள். பாட்டியிடம் தூங்கி எழுகிற ஒவ்வொரு காலையிலும் ஒன்றை வெளியே எடுத்துப் போடுவாள். காலியான நாளில் நீங்கள் வர வேண்டும். டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டால், அப்பா இன்னொரு கொட்டையை டம்ளரில் போட்டு ஏன் போட்டேன் என்று சொல்லட்டும். ஸ்டாண்ட்பை நாளென்றால் 'கூப்பிட்டா போவேன், கூப்பிடலன்னா இங்கேதான்' என்று அதையும் சொல்லுங்கள். ஹோட்டலுக்குப் போனதும் வீடியோ கால் செய்து அந்த அறையைக் காட்டுங்கள். கட்டில், ஜன்னல், கெட்டில் எல்லாம் பார்க்கட்டும். வரும்போது ஊருக்கு ஒரு பொம்மை வாங்கி வருகிற பழக்கத்தை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். நீங்கள் குற்றவாளி, அது அபராதம் என்று அவளுக்குச் சீக்கிரம் புரிந்துவிடும்.

அழுவாள். முதல் இரண்டு மூன்று தடவை இப்போது அழுவதைவிட அதிகமாக அழுவாள். அழட்டும். நீங்கள் வாசலில் நின்று பார்த்து, டாட்டா சொல்லிவிட்டு, லிஃப்டில் இறங்கிப் போங்கள். திரும்பிப் போய் இன்னொரு முறை தூக்கக் கூடாது.

இதெல்லாம் அடுத்த ரோஸ்டருக்கு. அதற்கு முன்னால், நாளைக் காலையில் பால் வாங்க இறங்கும்போது அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். கடை எங்கே இருக்கிறது, போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.